டிப்பரேரிப் பாட்டுக்காரர்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில், நீனா என்னும் சிற்றூரின் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஓர் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அன்று முற்பகல்தான் அந்தச் சவப்பெட்டி டப்ளின் நகரத் தெருக்களின் வழியே குதிரை வண்டியில் ஊர்வலமாகச் சென்றிருந்தது. இருமருங்கிலும் நின்ற மக்கள் பாடியே வழியனுப்பினர். தேவாலயத்தில் அப்போதைய அதிபர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அமர்ந்திருந்தார். பாடகர்கள் ஒரு பாடலைத் தொடங்கியபோது, இறந்தவரின் குடும்பத்தார் எழுந்து சவப்பெட்டியின் அருகே ஆடினர். அந்தப் பாடலோ, கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவில் காவல்நிலையத்தில் அடைக்கப்பட்ட ஒரு குடிகாரனின் நினைவாகத் தொடங்கி, ஓர் ஆணும் பெண்ணும் வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதாக வளரும் பாடல். தேவாலயத்தில் பாடத்தக்க பாடல் என்று எவரும் அதைச் சொல்லமாட்டார். ஆயினும் அன்று அது அங்கே பொருந்தியது.

இறந்தவர் ஷேன் மெக்கவன். 'போக்ஸ்' என்னும் இசைக்குழுவின் பாடகர். அதன் சிறந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை இயற்றியவர். நவம்பர் 30ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 65.

அவர் மறைந்தபோது வெளிவந்த இரங்கற் குறிப்புகள் பலவற்றைப் படித்தேன். பாடல்களைப் பற்றிய செய்தி குறைவாகவும், குடியைப் பற்றிய செய்தி நிறைவாகவும் இருந்தது. எத்தனை புட்டி, எந்தப் போதைப்பொருள், எந்த மேடையில் நிற்க முடியாமல் தள்ளாடினார், பற்கள் எப்போது விழுந்தன என்ற கணக்குகளே எங்கும் விரிந்தன. இத்தனை ஆண்டுகள் அவர் உயிரோடிருந்ததே பெரும் வியப்பு என்று முடித்தவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் இந்தக் கணக்குகளுக்கு அடியில் பழைய எண்ணம் ஒன்று ஒளிந்திருக்கிறது: கலைஞனென்றால் குடிப்பான், குடித்ததனால்தான் அப்படிப் பாடினான் என்பது அது. ஆசிரியர் தொழிலில் இருப்பவனாதலால் இந்த எண்ணம் என்னை உறுத்துகிறது. இளைஞர்களின் காதில் இது மிக இனிமையாக விழும். ஒருமுறை வகுப்பில் கவிஞர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கெட்டுப்போகாதவனால் நல்ல கவிதை எழுத முடியுமா என்று ஒரு மாணவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். அவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அந்த வினாவுக்கு விடை தேட மெக்கவனின் வாழ்க்கையைவிடத் தக்க சான்று எனக்குக் கிட்டவில்லை.

அவர் 1957ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அயர்லாந்துக்காரர்கள். தந்தை மாரிஸ் டப்ளின் நகரத்தவர், நூல்களில் தோய்ந்தவர். தாய் தெரீஸ் டிப்பரேரியைச் சேர்ந்தவர். நாட்டுப்பாடல்களைப் பாடுவதில் தேர்ந்தவர். அந்தப் பத்தாண்டுகளில் அயர்லாந்து தன் மக்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. 30 இலட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டிலிருந்து ஏறத்தாழ 4 இலட்சம் பேர் 1950களில் வெளியேறினர் என்றால் அதன் வெறுமையை உணரலாம். பெரும்பாலோர் கடல் கடந்து இங்கிலாந்துக்கே சென்றனர். ஆண்கள் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் சுரங்கம் தோண்டவும் போனார்கள். பெண்கள் மருத்துவமனைகளிலும் வீட்டு வேலைகளிலும் அமர்ந்தார்கள். கட்டுமானத் தொழிலாளர் பலருக்கு வாரக் கூலியே மதுக்கடையில் வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. கூலி வாங்கப் போனவன் குடிக்காமல் வெளியே வருவது அரிது. நம் தோட்டங்களின் கள்ளுக்கடைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தாயின் குடும்பத்துக்கு நீனாவுக்கு அருகே கார்னி என்ற இடத்தில் பழைய பண்ணை வீடு ஒன்று இருந்தது. மெக்கவனின் நினைவுகள் யாவும் அந்த வீட்டைச் சுற்றியே படர்கின்றன. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ டிரிங்க் வித் ஷேன் மெக்கவன்' என்னும் நூலில் அவற்றை அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய துணைவியார் விக்டோரியா மேரி கிளார்க் கேட்க, அவர் விடையளிக்கும் உரையாடலாக அமைந்த நூல் அது. குழாய்நீர் இல்லாத வீடு. கதவு பூட்டப்படாத வீடு. இரவானால் அண்டை அயலார் வந்து கூடுவர். ஒருவர் பாடுவார், ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார், கல் தரையில் மற்றவர்கள் ஆடுவார்கள். செபமாலையும் சொல்லப்படும், குதிரைப் பந்தயக் கணக்கும் பேசப்படும். தாய்வழி உறவினரான நோரா அம்மையார் சிறுவனுக்கு வேதம் கற்பித்தார், புகைக்கவும் பழக்கினார். ஐந்து வயதிலேயே தமக்கு ஸ்டவுட் கொடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் மெக்கவன். படிப்பவரால் அவ்வளவு எளிதில் சிரிக்க இயலவில்லை.

தம் வாழ்வின் முதல் ஆறு ஆண்டுகளை அந்த வீட்டிலேயே கழித்ததாக அவர் சொல்லிவந்தார். இந்தக் கணக்கை எல்லோரும் ஏற்பதில்லை. அவர் பள்ளி சென்றதும் வளர்ந்ததும் இங்கிலாந்தில்தான்; டிப்பரேரிக்கு விடுமுறைக்கு விடுமுறை போய்வந்தார் என்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது. அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு நாட்காட்டி வெளியேயும் வேறொரு நாட்காட்டி உள்ளேயும் ஓடுகின்றன. ஆண்டில் பத்து மாதம் வாழும் ஊர் வெறும் முகவரியாக நின்றுவிட, சில வாரங்களே தங்கிய பாட்டி வீடு முழு வாழ்க்கையாக விரிந்துவிடுகிறது. அவருடைய ஆறு ஆண்டுகளை நான் அவ்வாறே படிக்கிறேன். அந்த வீட்டைப் பிரிந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் ஏதோ ஒன்றை இழந்தார். பின்னாளில் எழுதிய பாடல்களில் ஊரைவிட்டுப் போகின்றவர்களும் திரும்ப முடியாதவர்களும் நிறைந்திருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அவர் மிக நல்ல மாணவர் என்பதை இரங்கற் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நான் அங்கே சற்று நிற்க விரும்புகிறேன். தந்தையின் புத்தக அலமாரியில் சிறுவயதிலேயே அவர் புகுந்தார். ஜாய்ஸ், தாஸ்தயெவ்ஸ்கி முதலியோரை அவ்வயதுச் சிறுவர்கள் தொடுவதற்கு முன்பே தொட்டார். பதின்மூன்று வயதில் நாளிதழ் ஒன்று நடத்திய இலக்கியப் போட்டியில் பரிசு பெற்றார். 1971இல் இலண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர இலக்கியத்துக்கான உதவித்தொகை கிடைத்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளி அது. இரண்டாம் ஆண்டிலேயே போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வெளியேற்றப்பட்டார். பதினேழாம் வயதில் ஆறு மாதங்கள் மனநல மருத்துவமனையில் கழிந்தன. எழுத்துத்திறன் முதலில் வந்தது. போதை பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

அவருடைய இளமை கழிந்த இலண்டன், ஐரிஷ்காரர்களுக்கு இதமான நகரமாக இல்லை. 1974 நவம்பரில் பர்மிங்ஹாம் நகரின் இரண்டு மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தனர். அதன்பின் தெருவிலும் பேருந்திலும் தங்கள் உச்சரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசிய ஐரிஷ்காரர்கள் ஏராளம். குற்றவாளிகள் என்று 1975இல் தண்டிக்கப்பட்ட ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்பது 1991இல்தான் ஏற்கப்பட்டது. அவர்கள் சிறையிலிருக்கும்போதே, 1988இல் வந்த இசைத்தட்டில் அவர்களுக்காக மெக்கவன் பாடினார். பிரிட்டனின் சுயேச்சை ஒலிபரப்பு ஆணையம் அந்தப் பாடலுக்குத் தடைவிதித்தது. தடை செய்யப்பட்ட பாடல் சொன்னதையே மூன்று ஆண்டுகள் கழித்து நீதிமன்றமும் சொல்ல நேர்ந்தது.

1976 அளவில் இலண்டனில் பங்க் இசை பொங்கியெழுந்தது. தேர்ந்த இசையறிவு வேண்டாம், சொல்ல ஏதாவது இருந்தால் மேடையேறு என்பது அதன் கொள்கை. மெக்கவன் அதில் முதல் வரிசையில் நின்றார். கிளாஷ் குழுவினரின் நிகழ்ச்சியொன்றில் காதில் இரத்தம் வழிய அவர் நின்ற படம் இசைப் பத்திரிகையில் வெளியாகி, பாடகராவதற்கு முன்பே அவரைப் பலர் அறிந்தனர். பிறகு சொந்தமாகக் குழு அமைத்தார், அது நீடிக்கவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் புதுமை. தம் தாய் பாடிய, கார்னி வீட்டில் கேட்ட அந்தப் பழைய பாடல்களை எடுத்து, பங்க் இசையின் வேகத்தில் பாடினார். அக்காலத்து இளைஞர்கள் அவற்றைக் கிழவர்களின் பாட்டு என்று ஒதுக்கியிருந்தார்கள். பெரியவர்களோ, அவற்றைப் பட்டுத்துணியில் பொதிந்து வைக்கவேண்டிய பொருளாகக் கருதினார்கள். இரு சாராரும் திடுக்கிட்டனர்.

1982 அக்டோபரில் இலண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியிலுள்ள மதுக்கடையொன்றில் போக்ஸ் குழு முதன்முறையாகப் பாடியது. ஜெம் ஃபைனர் பேஞ்சோ வாசித்தார். ஜேம்ஸ் ஃபியர்ன்லி அக்கார்டியன். ஸ்பைடர் ஸ்டேசி தகரக் குழல். ஸ்டேசி சில நேரங்களில் பீர் தட்டை எடுத்துத் தம் தலையிலேயே மோதித் தாளம் போடுவார். அதைக் கலை என்று வாதிட நான் முன்வரமாட்டேன். குழுவின் முதற்பெயர் ஐரிஷ் மொழியில் ஒரு வசைச்சொல். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது விளங்கவில்லை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்காரர்களுக்கு விளங்கிவிட்டது. அவர்களின் முறையீட்டால் பெயரைப் பாதியாகக் குறுக்கவேண்டியதாயிற்று. குழுவினருள் பலர் அயர்லாந்தில் பிறந்தவர்களல்லர். அயர்லாந்தின் மரபுவழி இசைவாணர் சிலர் அவர்களை வன்மையாகக் கண்டித்தனர். அயர்லாந்துக்கு வெளியே இருப்பவனுக்கு அயர்லாந்தின் பாட்டில் என்ன உரிமை என்ற வினா அதில் ஒளிந்திருந்தது. மெக்கவன் அதற்கு வாதத்தால் விடை சொல்லவில்லை. புதிய பாடல்களால் சொன்னார்.

அந்தப் பாடல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த 'எ பேர் ஆஃப் பிரௌன் ஐஸ்', அதாவது 'பழுப்புநிறக் கண்கள் இரண்டு'. மெட்டு ஒரு பழைய நாட்டுப்பாடலின் சாயலில் அமைந்தது. இளைஞனொருவன் மதுக்கடையில் அமர்ந்து குடித்துக்கொண்டிருக்கிறான். எதிரே அமர்ந்த கிழவர் தாம் சென்ற போரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். சிதறிக் கிடந்த உடல்களின் நடுவே, ஊரில் தமக்காகக் காத்திருக்கும் பழுப்புநிறக் கண்களை மட்டும் நினைத்து உயிர் தரித்ததைச் சொல்கிறார். திரும்பி வந்தபோது அந்தக் கண்கள் காத்திருக்கவில்லை. கடையின் இசைப்பெட்டி இடையே பாடிக்கொண்டேயிருக்கிறது. இளைஞனுக்குக் கிழவர் மீது இரக்கம் பிறப்பதில்லை, வெறுப்புத்தான் பிறக்கிறது. அவரிடம் தன்னையே கண்டுவிட்ட வெறுப்பு அது. தள்ளாடியபடி வெளியே போகிறான். அவன் உதடும் பழுப்புநிறக் கண்களையே முணுமுணுக்கிறது. இவ்வளவுதான் கதை. இதில் இரண்டு தலைமுறைகள், ஒரு போர், இரண்டு காதல்கள், ஒரு மதுக்கடை அனைத்தும் சில நிமிடங்களுக்குள் வந்து போகின்றன. ஓரிடத்திலும் ஆசிரியர் குறுக்கே வந்து இதைப் பார், அதைப் பார் என்று சுட்டிக்காட்டுவதில்லை.

இந்தப் பாட்டு போதையில் பிறந்ததா? மதுக்கடையில் பிறந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே குடித்தவர்கள் ஆயிரம் பேர். கிழவரின் பேச்சை, அதன் நிறுத்தங்களோடும் தடுமாற்றங்களோடும் காதில் வாங்கி மறவாமல் வைத்திருந்தவர் ஒருவர்தான். கார்னி வீட்டின் மூலையில் அமர்ந்து பெரியவர்கள் பாடுவதைக் கேட்ட அதே சிறுவனின் செவி அது. 'தி ஓல்ட் மெயின் டிராக்' என்ற வேறொரு பாடல், பதினாறு வயதில் இலண்டனுக்கு வந்து, தெருவில் உடலை விற்று, காவலரிடம் உதைபட்டு, இளமையிலேயே முதுமையடையும் ஒரு பையனைப் பற்றியது. அவனுக்காக அழுங்கள் என்று பாடல் கேட்பதில்லை. அவன் தன் கதையைச் சொல்கிறான், நாம் கேட்கிறோம். இத்தகைய அடக்கத்தைக் குடிவெறி தராது.

தேவாலயத்தில் பாடப்பட்ட பாடலுக்கு வருவோம். 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்', நியூயார்க்கின் தேவதைக் கதை. ஜெம் ஃபைனரும் மெக்கவனும் சேர்ந்து இயற்றியது. ஒரே இரவில் மதுமயக்கத்தில் எழுதப்பட்டதென்று நம்ப விரும்புவோர் இதன் வரலாற்றைப் படிக்கவேண்டும். இதை முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ஃபைனர் முதலில் கப்பலோட்டி ஒருவனைப் பற்றிய கதையாக அதைத் தொடங்கினார். அவருடைய மனைவி அது சுவையற்றது என்று கூறி, கிறிஸ்துமஸ் காலத்தில் சண்டையிடும் ஒரு தம்பதியைப் பற்றி எழுதும்படி சொன்னார். மெக்கவன் அந்தக் கருவை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். தொடங்கியபோது அந்த நகரை அவர் பார்த்ததில்லை. எழுதினார், அடித்தார், மீண்டும் எழுதினார். நியூயார்க் குடியேறிகளைப் பற்றிய ஒரு திரைப்படத்தைப் பயணங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தார். மெதுவாக நகரும் தொடக்கத்தையும் விரைவாக ஓடும் பிற்பகுதியையும் தனித்தனியே பதிவுசெய்து இணைத்தனர். பெண் குரலுக்கு எண்ணியிருந்த பாடகி குழுவைவிட்டுப் போய்விட்டதால், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் தம் மனைவி கெர்ஸ்டி மெக்கால் பாடியதை வீட்டில் பதிவுசெய்து கொண்டுவந்தார். மாதிரிக்காகப் பாடப்பட்ட அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு குரல் தேவைப்படவில்லை.

1987ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த அந்தப் பாடல், அயர்லாந்தில் முதலிடமும் பிரிட்டனில் இரண்டாமிடமும் பெற்றது. அதில் நியூயார்க் காவல்துறையின் பாடற்குழுவைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அப்படி ஒரு பாடற்குழுவே இல்லை. படமெடுக்கும்போது காவல்துறையின் பைப் வாத்தியக் குழுவை அழைத்து நிறுத்தினார்கள். பாடலில் குறிப்பிடப்படும் பழைய ஐரிஷ் பாட்டு அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது மிக்கி மவுஸ் பாட்டு ஒன்றுதான். அதற்கு வாயசைத்தார்கள், படம் பிடித்தார்கள். ஆண்டுதோறும் உலகம் உருகிப் பார்க்கும் அந்தக் காட்சியின் உள்நிலைமை இது! கெர்ஸ்டி மெக்கால் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மெக்சிகோக் கடலில், விரைந்துவந்த படகொன்றின் வழியிலிருந்து தம் மகனைத் தள்ளிவிட்டுத் தாம் அடிபட்டு இறந்தார்.

அந்தப் பாடலில் வரும் இருவரும் வசைகளைப் பொழிந்து ஓய்ந்தபின், அவள் தன் கனவுகளை அவன் பறித்துக்கொண்டதாகக் குறை சொல்கிறாள். அவற்றைத் தன் கனவுகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பதாக அவன் விடை சொல்கிறான். நம்பத்தகாத ஒருவன் சொல்லும் சொல் அது. அவள் நம்பினாளா என்பதைப் பாடல் சொல்வதில்லை. முப்பது வயதை எட்டும் முன்பே இதை எழுத ஒருவரால் முடிந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் துயரமும் உண்டாகிறது. அதன்பின் வந்த ஆண்டுகளை நாம் அறிவோம்.

அந்த ஆண்டுகளின் கணக்கு எளியது. போக்ஸ் குழுவோடு அவர் பாடிய ஐந்து இசைத்தட்டுகள் 1984க்கும் 1990க்கும் இடையில் வந்தன. அவற்றிலும் முதல் மூன்றிலுள்ள செறிவு பின்னிரண்டில் இல்லை. மேடைக்கு வராத இரவுகள் பெருகின. 1988இல் அமெரிக்கப் பயணத்தின் தொடக்க நிகழ்ச்சிகளுக்கே அவர் போய்ச் சேரவில்லை. 1991இல் ஜப்பானின் யோகோஹாமா நகரில், ஒரு தங்கும் விடுதியின் அறையில் குழுவினர் கூடி அவரை நீக்குவதென்று முடிவுசெய்தனர். ஜேம்ஸ் ஃபியர்ன்லி 2012இல் வெளியிட்ட தம் நினைவுநூலை அந்த அறையிலிருந்துதான் தொடங்குகிறார். அவர்கள் சொல்லி முடித்ததும் மெக்கவன் சினக்கவில்லை; நீங்கள் மிகவும் பொறுமையாக இருந்துவிட்டீர்கள், இதற்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டீர்கள் என்ற பொருளில் கேட்டார் என்பது பலரும் சொல்லும் செய்தி. இதை நகைச்சுவையாகவே பலர் எடுத்துரைக்கின்றனர். தம் நிலையை அறிந்தும் மீள வழியறியாத ஒருவரின் வாக்குமூலமாகவே எனக்கு அது ஒலிக்கிறது.

பின்னர் வேறொரு குழுவோடு 1994இலும் 1997இலும் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அதற்குப் பிறகு புதிய பாடல்களைக் கொண்ட முழு இசைத்தட்டு ஒன்றுகூட வரவில்லை. 1997இலிருந்து 2023 வரை 26 ஆண்டுகள். 2001இல் பழைய நண்பர்கள் மீண்டும் கூடி, 2014 வரை அவ்வப்போது ஊர் ஊராகச் சென்று பாடினர். பாடியவை பழைய பாடல்களே. குடிதான் பாட்டைத் தந்தது என்றால், குடி குறையாத அந்த ஆண்டுகளில் பாட்டு ஏன் வற்றியது? வகுப்பில் என்னைக் கேட்ட மாணவருக்கு நான் சொல்லக்கூடிய விடை இந்த எண்ணிக்கைதான்.

மெக்கவனே இந்த விடையை ஏற்றிருப்பாரா என்பது வேறு. நினைவுநூலில் அவர் குடியைப் பழிப்பதில்லை. அறிவுரை கேட்கும் மனநிலையும் அவருக்கு இல்லை. எவரும் தம்மை இரங்கத்தக்கவராகப் பார்ப்பதை அவர் வெறுத்தார். அந்நூலைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அவருடைய அறிவின் கூர்மையும் வரலாற்றுப் படிப்பும் வியப்பூட்டுகின்றன. ஆயினும் கேள்வி கேட்கும் பெண்ணின் நிலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். விக்டோரியா மேரி கிளார்க் 1980கள் முதல் அவரோடு வாழ்ந்தவர். புட்டிகளின் கதை மேடைக்கு வேடிக்கை. வீட்டுக்கு அது வேறு. 2018 நவம்பரில் கோபன்ஹேகன் நகரில் அவர்கள் மணம்புரிந்துகொண்டபோது மணமகன் சக்கர நாற்காலியில் இருந்தார். 2015இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் நடக்க இயலவில்லை.

நண்பர்களுள் ஒருவரைத் தனியே குறிப்பிடவேண்டும். 1999இல் பாடகி சினேட் ஓ'கானர், மெக்கவன் ஹெராயின் பயன்படுத்துவதைக் காவல்துறைக்கே தெரிவித்துவிட்டார். நண்பனைக் காட்டிக்கொடுப்பது ஐரிஷ் மரபில் மன்னிக்கப்படாத குற்றம். மெக்கவன் கொதித்தார். ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட அது உதவியது என்று பிற்காலத்தில் நன்றியோடு சொன்னார். அவரைச் சுற்றிக் குடித்துக் களித்த ஆயிரம் தோழர்களைவிட, அவரிடம் ஏச்சு வாங்கிய அந்தப் பெண்மணியே எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். ஓ'கானர் 2023 ஜூலையில் காலமானார். மெக்கவன் அதே ஆண்டு நவம்பரில்.

2018 ஜனவரியில் டப்ளினின் தேசிய இசை அரங்கில் அவருடைய அறுபதாம் பிறந்தநாள் விழா நடந்தது. அதிபர் ஹிக்கின்ஸ், தாமும் ஒரு கவிஞர், வாழ்நாள் சாதனை விருதைத் தம் கையால் வழங்கினார். இலண்டனில் பிறர் கேட்கும்படி பேச அஞ்சியவர்களின் வழித்தோன்றலுக்கு அயர்லாந்து தந்த ஏற்பு அது. அவர் சக்கர நாற்காலியிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பாடலைப் பற்றி ஒரு பூசல் எழுந்தது. அதிலுள்ள வசைகளுள் ஒன்று, தன்பாலின விருப்பினரை இழிவுபடுத்தும் சொல். 2007இலேயே பிபிசி வானொலி அதை மறைத்து ஒலிபரப்பி, எதிர்ப்பு எழவே அன்றைக்கே மீண்டும் முழுமையாக ஒலிபரப்பியதுண்டு. இம்முறை மெக்கவனிடமே விளக்கம் கேட்டனர். அவர் மிகச் சுருக்கமாக விடை தந்தார். அந்தச் சொல் பாத்திரத்தின் சொல். அவள் நல்ல பெண்ணாகப் படைக்கப்படவில்லை. அவளுடைய காலமும் அவள் பட்ட அடிகளும் அவளை அப்படிப் பேசவைக்கின்றன. பாத்திரம் உண்மையாக இருக்கவேண்டுமானால் அதன் பேச்சும் உண்மையாக இருக்கவேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகும் சிலருக்கு விளங்கவில்லையென்றால் அந்தச் சொல்லை மறைத்துவிட்டு ஒலிபரப்புவதில் தமக்குத் தடையில்லை, இதற்காக எவரோடும் சண்டையிட விரும்பவில்லை என்றார். பாத்திரப் பேச்சுக்கும் ஆசிரியர் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் விளக்குகிறோம். அதை அவர் சில வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி வெளியே அனுப்பிய இலக்கிய மாணவர் அந்த விடையில் இன்னும் இருந்தார்.